வாடகைக் கேமரா வீட்டுக்கு வருவதற்கு முன்: முதல் குறும்படம் எடுப்பவர்களுக்கு ஃப்ரேம், ஃபோகஸ் வழிகாட்டி

பன்னிரண்டு நிமிடக் குறும்படத்தில் உயிரான க்ளோசப் ஒன்றே ஒன்றுதான். கேரம் போர்டைப் பார்த்துக் குனிந்திருக்கும் பெரியப்பா, வாசலில் யாரோ வந்த சத்தம் கேட்டுத் தலை நிமிர வேண்டும். ஏழு டேக் எடுத்தோம். ஏழிலும் அவருடைய இடது காது கல்வெட்டைப்போலத் தெளிவாக விழுந்திருந்தது. கண்கள் ஒன்றில்கூட விழவில்லை. இது எனக்குத் தெரிந்தது கேமராவைத் திருப்பிக் கொடுத்த மூன்றாம் நாள் இரவு, நண்பன் வீட்டுப் பெரிய மானிட்டரில் போட்டுப் பார்த்தபோது.

ஒலி சரியில்லையென்றால் டப்பிங் செய்துகொள்ளலாம். நிறம் பிசகினால் ஓரளவு திருத்தலாம். ஃபோகஸ் போனால் போனதுதான். எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. அந்த ஒரு ஷாட்டுக்காக மறுபடியும் கேமரா எடுத்து, மறுபடியும் எட்டுப் பேருக்குச் சாப்பாடு வாங்கினேன்.

வாரநாட்களில் அம்பத்தூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வண்ணாரப்பேட்டையில் படப்பிடிப்பு என்று ஓடுகிறவன் நான். திரைப்படக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அடிபட்டுக் கற்றுக்கொண்டதை, வடசென்னையில் முதல் படம் எடுக்கப்போகும் உங்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன். ஃப்ரேமும் ஃபோகஸும் கேமரா கைக்கு வந்தபிறகு யோசிக்கிற விஷயங்கள் அல்ல. வாடகை ஓடத் தொடங்குவதற்கு முன்பே தொண்ணூறு சதவீதத்தைத் தீர்மானித்துவிட முடியும், காசு செலவில்லாமல்.

1. டேப்பை எடுத்துக்கொண்டு இடத்தை அளந்து வாருங்கள்

செலவு: ஐந்து மீட்டர் டேப் ஒன்று. நேரம்: ஓர் இடத்துக்கு ஒரு மணி நேரம்.

எங்கள் வீட்டு முன்னறை பத்தடிக்கு எட்டடி. கட்டிலும் பீரோவும் போக, நடிப்பவருக்கும் கேமராவுக்கும் இடையில் கிடைப்பது ஆறரை அடி, அதாவது இரண்டு மீட்டர். நம் பகுதி வீடுகளில் பெரும்பாலும் இவ்வளவுதான். இந்த இரண்டு மீட்டர்தான் உங்கள் லென்ஸைத் தேர்ந்தெடுக்கும், நீங்கள் அல்ல.

கணக்கு எளிது. சென்சாரின் (கேமராவுக்குள் பிம்பம் விழும் சில்லு) அகலத்தை லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணால் வகுத்து, கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கினால், அந்த இடத்தில் ஃப்ரேமின் அகலம் கிடைத்துவிடும். ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய வகைச் சென்சார் 36 மி.மீ. அகலம். இரண்டு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் 1.44 மீட்டர் அகலத்தைக் காட்டும், 35 மி.மீ. இரண்டு மீட்டர் சொச்சம், 24 மி.மீ. மூன்று மீட்டர். உயரம் வேண்டுமென்றால் அகலத்தை 9-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 24 மி.மீ. வைத்தால்கூட 1.69 மீட்டர் உயரம்தான் வருகிறது. ஐந்தரை அடி மனிதர் உச்சந்தலையும் பாதமும் ஃப்ரேமின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்பார். ஆகவே அந்த அறையில் முழு உருவ ஷாட் கிடையாது. திரைக்கதையில் எழுதியிருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள், அல்லது கேமராவை வாசலுக்கு வெளியே வையுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதலில் 50 மி.மீ. வாங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். ஃபுல் ஃப்ரேமில் அது நல்ல யோசனைதான். ஆனால் ஏபிஎஸ்-சி வகைச் சிறிய சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதே இரண்டு மீட்டரில் அதே 50 மி.மீ. லென்ஸ் 94 சென்டிமீட்டர்தான் காட்டும். தலையும் நெஞ்சும் வந்தால் அதிகம். போதாக்குறைக்குச் சில கேமராக்கள் 4கே-யில் பதிவு செய்யும்போது சென்சாரின் ஓரங்களை வெட்டிவிடும். கேமராவின் பெயரைக் கேட்டதும் இந்த இரண்டையும் விசாரித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கேமரா நிற்கப்போகும் இடத்திலிருந்து செல்பேசியில் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே செல்பேசியின் திசைகாட்டியைத் திறந்து, தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வடக்குத் தெற்காக ஓடும் குறுகலான சந்தில் நேர் வெயில் உச்சி வேளையை ஒட்டிச் சிறிது நேரம்தான் இறங்கும். மற்ற நேரம் முழுவதும் மென்மையான, ஒரே சீரான வெளிச்சம். க்ளோசப்புகளுக்கு இதைவிட நல்ல ஸ்டூடியோ கிடைக்காது. கிழக்கு மேற்காக ஓடும் சந்தில் காலையிலும் மாலையிலும் வெயில் சுரங்கத்துக்குள் டார்ச் அடித்ததுபோல நேராக வரும். இரண்டுமே நல்லவைதான், ஆனால் ஒரே காட்சியை இரண்டிலும் பிரித்து எடுத்தால் ஒட்டாது.

2. தாள்களைத் தயார் செய்யுங்கள்

ஃபோகஸுக்கும் அனுமதிக் கடிதத்துக்கும் என்ன தொடர்பு என்று நினைப்பீர்கள். விரட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் எடுத்த ஷாட் எதுவும் தெளிவாக விழுந்ததில்லை. கை பதறும், அளக்க நேரமிருக்காது.

சொந்தக்காரர் வீடாக இருந்தாலும், வீட்டு உரிமையாளரிடம் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாடகை வீடென்றால் குடியிருப்பவர் கையெழுத்து மட்டும் போதாது. நடிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்க ஒப்புதல் கடிதமும் அடையாள அட்டையின் நகலும் வேண்டும். பொதுச் சாலை என்றால் காவல்துறையின் அனுமதியும், மாநகராட்சி இடமென்றால் மாநகராட்சியின் அனுமதியும் தேவை. கதைச் சுருக்கம், இடங்களின் பட்டியல், நாள், நேரம், குழுவில் எத்தனை பேர், என்ன கருவிகள், எந்த வண்டி என்ற விவரங்களை இரண்டு பக்கத்தில் தட்டச்சு செய்து ஐந்தாறு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் இதைத்தான் கேட்கிறார்கள். மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ரயில்வே இடமென்றால் தெற்கு ரயில்வேயின் தனி அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. துறைமுகச் சுவர் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம்; அது பாதுகாக்கப்பட்ட பகுதி. ட்ரோன் ஆசை இருந்தால் முதலில் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது, 250 கிராமுக்குக் குறைந்த பொம்மையாக இருந்தாலும். துறைமுகமும் எண்ணெய் ஆலையும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த பகுதியில் நாம் இருக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

குழந்தை நடிக்கிறதா? சம்பளம் கொடுத்து நடிக்கவைப்பதென்றால் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது; இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. பெற்றோர் சம்மதித்தாலே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

3. வாடகைக்கு எடுக்கும்போது எதில் கஞ்சத்தனம் கூடாது

வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகள் நிறைய. ஆதார் நகல், முகவரிச் சான்று, பின்தேதியிட்ட காசோலை அல்லது முன்பணம், கடைக்குத் தெரிந்த ஒருவரின் பரிந்துரை ஆகியவற்றை என்னிடம் கேட்டார்கள். நான் கொடுத்த கணக்கு இது. உங்களுக்குக் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். ஒரு நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் கேமரா 1,800 ரூபாய். 24, 35, 50 மி.மீ. லென்ஸ்கள் தலா 400. ட்ரைபாட் 500. வேரியபிள் என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் கறுப்புக் கண்ணாடி) 200. மொத்தம் 3,700.

ஏழு அங்குல மானிட்டருக்கு 600, ஃபாலோ ஃபோகஸுக்கு (லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப உதவும் கருவி) 400 என்று கடைக்காரர் சொன்னதும், கேமராவிலேயே திரை இருக்கிறதே என்று இரண்டையும் வேண்டாம் என்றேன். இரண்டு நாளில் 2,000 ரூபாயை மிச்சம் பிடித்தேன். பிறகு மறுபடப்பிடிப்புக்குக் கருவி வாடகை மட்டும் 4,300 ரூபாய் ஆனது. கேமராவின் மூன்று அங்குலத் திரையில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். அந்தத் திரையை நம்பியதுதான் நான் செய்த முதல் தவறு. காசு போதவில்லையென்றால் மூன்று லென்ஸில் ஒன்றைக் குறையுங்கள், மானிட்டரைக் குறைக்காதீர்கள்.

கடையிலேயே இருபது நிமிடம் சோதியுங்கள், வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளித்தாலும். லென்ஸின் பின்பக்கம் செல்பேசி டார்ச்சைப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் இது சகஜம். லென்ஸைப் பொருத்தி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அடாப்டரில் (லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையம்) ஆட்டம் இருந்தால் ஃபோகஸ் குறி நிலைக்காது. எழுத்துள்ள ஏதாவதொரு சுவரொட்டியை நேராக எடுத்து, நடுவும் இரண்டு ஓரங்களும் ஒரேமாதிரி தெளிகின்றனவா என்று மானிட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களை ஒன்றுவிடாமல் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறல் ஒன்றுக்கு ஒரு கடையில் என்னிடம் 1,500 ரூபாய் பிடித்தார்கள். என்னிடம் ஆதாரம் இல்லை.

இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இந்த லென்ஸின் ஃபோகஸ் வளையம் நேரடியாகச் சுழல்கிறதா, மின்சாரத்தால் இயங்குகிறதா? புதிய புகைப்பட லென்ஸ்கள் பலவற்றில் வளையத்துக்கும் உள்ளிருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மெதுவாகத் திருப்பினால் ஓரிடம், வேகமாகத் திருப்பினால் வேறோரிடம் என்று போய் நிற்கும். அதில் நீங்கள் குறி போட்டுவைத்தால் அடுத்த டேக்கில் அந்தக் குறி பொய்யாகிவிடும். சில கேமராக்களின் மெனுவில் இதைச் சீராக்கும் தேர்வு உண்டு. இல்லையென்றால் இரு முனைகளிலும் தட்டி நிற்கும் வளையமுள்ள பழைய மேனுவல் லென்ஸைக் கேட்டு வாங்குங்கள். அதன் வாடகை பெரும்பாலும் குறைவு.

4. அப்பர்ச்சரைத் திறந்து வைக்கும் ஆசையை அடக்குங்கள்

பின்னணி மங்கலாக இருந்தால்தான் சினிமா என்ற நம்பிக்கை நம்மிடம் எப்படியோ வந்துவிட்டது. அப்பர்ச்சர் என்பது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம்; எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும், பின்னணி மங்கும். எஃப் 1.8 லென்ஸ் கையில் இருந்ததால் படம் முழுவதையும் 1.8-இலேயே எடுத்தேன். விளைவைச் சொல்லிவிட்டேன்.

ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 1.8-இல் தெளிவாகத் தெரியும் ஆழம், முன்னும் பின்னும் சேர்த்து, ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். 2.8-இல் 27. நான்கில் 39. எஃப் 5.6-இல் 55. பெரியப்பா தலை நிமிரும்போது உடம்பும் பின்னால் சாய்வதை அன்று நான் கவனிக்கவில்லை. மறுபடப்பிடிப்பில் அளந்தபோது அது முப்பது சென்டிமீட்டர் இருந்தது. 17-க்குள் 30 எப்படி அடங்கும்? கேமராவை ஒரு மீட்டருக்கு நெருக்கினால் நிலைமை இன்னும் மோசம். எஃப் 1.8-இல் நான்கு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். கண்ணில் வைத்தால் மூக்கு நுனி மங்கும்.

என் பரிந்துரை: பழக்கமில்லாத நடிகர், பழக்கமில்லாத ஃபோகஸ் புல்லர் (ஃபோகஸ் வளையத்தைத் திருப்புபவர்) என்றால் எஃப் 4-இல் தொடங்குங்கள். பின்னணி மங்க வேண்டுமென்றால் ஆளைச் சுவரிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள். ஒரு மீட்டர் தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

ஷட்டர், என்டி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் இதில் பெரும்பாலும் சிமிட்டாது. செல்பேசியில் எடுப்பவர்கள் 30 ஃப்ரேமை 25 ஆக மாற்றிவிடுங்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்றால் அப்பர்ச்சர் எஃப் 22 வரை போக வேண்டியிருக்கும். அங்கிருந்து 2.8-க்கு வர ஆறு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்). அதற்கு என்டி 64. வேரியபிள் என்டியைக் கடைசி வரை திருக்காதீர்கள். அகன்ற லென்ஸில் ஃப்ரேமின் குறுக்கே பெருக்கல் குறிபோல ஒரு நிழல் விழும்.

5. ஃப்ரேம் வையுங்கள்: முதலில் பின்னணி, பிறகு ஆள்

பாடப்புத்தகங்கள் தலைக்கு மேல் எவ்வளவு இடம், கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் என்று தொடங்கும். எல்லாம் சரி. பார்க்கும் திசையில் கூடுதல் இடம் விடுங்கள். க்ளோசப்பில் நெற்றி வெட்டுப்பட்டால் குற்றமில்லை, முகவாய் வெட்டுப்படக் கூடாது. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு போன்ற மூட்டுகளில் ஃப்ரேமை வெட்டாதீர்கள். இவ்வளவுதான்.

நம் தெருக்களில் உண்மையான சிக்கல் பின்னணி. மின்கம்பம் தலையிலிருந்து முளைக்கும். கேபிள் கம்பி கழுத்தின் குறுக்கே போகும். வரிசையாக நிற்கும் பச்சை, ஆரஞ்சு, நீல பிளாஸ்டிக் குடங்கள் நடிகரைவிட நன்றாக நடித்துவிடும். ஃப்ரேம் வைத்ததும் ஆளைப் பார்க்காமல் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பாருங்கள். பிறகு ஆளின் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கேமராவை ஒரு சாண் நகர்த்தினாலே பாதிக் குப்பை மறைந்துவிடும். குடங்கள் யாருடையவை என்று கேட்டு, அனுமதி வாங்கி நகர்த்துங்கள். கேட்காமல் தொட்டால் அன்றைய படப்பிடிப்பு அங்கேயே முடிந்துவிடும்.

உயரத்தையும் கவனியுங்கள். நம் வீடுகளில் பாதிக் காட்சி தரையில் உட்கார்ந்தபடியே நடக்கும். நின்றவாக்கில் வைத்த ட்ரைபாடிலிருந்து குனிந்து பார்த்தால் எல்லோரும் விசாரணைக்கு உட்காரவைக்கப்பட்டவர்கள்போல இருப்பார்கள். அவர்கள் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள். ட்ரைபாட் அவ்வளவு தாழவில்லையென்றால் முக்காலியின் மேல் இரண்டு கிலோ அரிசிப் பையை வைத்து, அதன்மேல் கேமராவை அமுக்கி வையுங்கள். அசையாது.

எதிரெதிரே இருவர் கேரம் ஆடும் காட்சியில் நான் செய்த இன்னொரு பிழை: பெரியப்பாவை ஜன்னல் பக்கமிருந்தும், எதிரே இருந்தவரைக் கதவுப் பக்கமிருந்தும் எடுத்துவிட்டேன். வெட்டி ஒட்டியதும் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, காணாமல்போன மூன்றாவது ஆளோடு ஆடுவதுபோல இருந்தது. இருவர் கண்களையும் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நான்கு பேர் ஆடினால் தலை சுற்றும். அந்தந்தக் காட்சியில் யாரும் யாரும் பேசிக்கொள்கிறார்களோ அவர்களுக்கிடையில் கோட்டைப் போடுங்கள். சாக்பீஸால் தரையிலேயே இழுத்துவிட்டால் வாக்குவாதம் இருக்காது.

பின்னணியைப் பெரிதாகக் காட்டுவது பற்றி ஒன்று. எண்ணூர் முகத்துவாரத்தில் ஆளுக்குப் பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் ஓங்கி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, 24 மி.மீ. லென்ஸோடு ஆளை நெருங்கி நின்றேன். புகைபோக்கிகள் தீக்குச்சிகள்போல வந்தன. ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள அளவு விகிதத்தை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் தூரம். ஆளை விட்டு நன்றாகப் பின்வாங்கி, 135 மி.மீ. போன்ற நீண்ட லென்ஸால் ஆளை அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். புகைபோக்கிகள் தாமாகவே எழுந்து நிற்கும்.

6. ஃபோகஸைக் கண்ணால் தேடாதீர்கள், அளந்து வையுங்கள்

கேமராவின் உடலில் சிறிய வட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு வெட்டியதுபோல ஒரு குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அதுதான். லென்ஸில் எழுதியிருக்கும் தூரம் எல்லாம் அங்கிருந்து தொடங்குகிறது. லென்ஸின் முன்விளிம்பிலிருந்து டேப் பிடித்தால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் பிசகும். என் ஏழு டேக்குகளில் பாதிப் பிழை இதிலிருந்து வந்தது.

ஃபோகஸ் புல்லர் என்று ஒருவரைத் தனியாக வையுங்கள். கேமரா இயக்குபவரே வளையத்தையும் திருப்பினால் இரண்டும் கெடும். என் சித்தப்பா மகனுக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பொறுமை உண்டு. மறுபடப்பிடிப்பில் அவன்தான் ஃபோகஸ் புல்லர். வேலை இப்படி நடந்தது.

நடிப்பவரை அவர் உட்காரும் இடத்தில் உட்காரவைத்து, வசனத்தோடு முழு அசைவையும் இரண்டு முறை செய்யச் சொன்னோம். எங்கெங்கே நிற்கிறார், எங்கே சாய்கிறார் என்று பார்த்து மூன்று இடங்களை எடுத்துக்கொண்டோம். ஒவ்வோர் இடத்திலும் சென்சார் குறியிலிருந்து அவர் கண்ணுக்கு டேப் பிடித்தோம். காதுக்கும் நெற்றிக்கும் அல்ல, கண்ணுக்கு. முகம் சற்றுத் திரும்பியிருந்தால் கேமராவுக்கு அருகிலிருக்கும் கண். பிறகு மானிட்டரில் பெரிதாக்கிப் பார்த்து, தெளிந்த இடத்தில் ஃபாலோ ஃபோகஸின் வெள்ளை வளையத்தில் 1, 2, 3 என்று பென்சிலால் குறித்தோம். டேக்கின்போது தம்பி மானிட்டரைப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் தோளைப் பார்த்தான். தோள் அசையத் தொடங்கியதும் வளையமும் நகர்ந்தது. மானிட்டரைப் பார்த்துத் திருப்பினால் மங்கியபிறகுதான் உங்களுக்குத் தெரியும், அதற்குள் காலம் கடந்துவிடும்.

நடந்து வந்து நிற்கும் காட்சிக்குத் தரையில் குறி வேண்டும். காகித டேப் பயன்படுத்துங்கள். பழைய சிவப்புக் காவித் தரையில் செல்லோடேப்பை உரித்தால் கூடவே தரையும் வந்துவிடும், வீட்டுக்காரர் மன்னிக்கமாட்டார். தரை ஃப்ரேமுக்குள் தெரிந்தால் டேப் ஒட்ட முடியாது. அங்கே ஒரு கேரம் காயை வையுங்கள். யாரும் கவனிக்கமாட்டார்கள், கால் விரலுக்கு மட்டும் தெரியும்.

திரையில் நிற ஓரம் காட்டும் பீக்கிங் வசதியை அளவோடு நம்புங்கள். வெளிச்ச வேறுபாடு கூர்மையாக இருக்கும் இடத்தில் அது பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். பெரியப்பாவின் கட்டம்போட்ட கைலி ஜொலிஜொலித்தது; முகம் தெளிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். மீன்வலை, மூங்கில் கூடை, கம்பிக் கதவு எல்லாமே இப்படி ஏமாற்றும். டேக் தொடங்குவதற்கு முன் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துக் கண்ணின் இமைமுடி தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஃபோகஸ் வைத்தபிறகு கேமராவைத் திருப்பி ஃப்ரேமை மாற்றாதீர்கள். தெளிவு ஒரு புள்ளியில் இல்லை. சென்சாருக்கு இணையான ஒரு கண்ணாடிச் சுவர்போல நிற்கிறது. கேமராவைத் திருப்பினால் அந்தச் சுவரும் திரும்பும். இருவர் ஒரே ஃப்ரேமில் தெளிவாக வேண்டுமென்றால் இருவரையும் அந்தச் சுவரில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் எஃப் 5.6, எஃப் 8 என்று மூடுங்கள்.

ஸ்ட்ரைக்கரிலிருந்து முகத்துக்கு ஃபோகஸ் மாறுவது அழகாகத்தான் இருக்கும். நான் படத்தில் ஒன்பது இடத்தில் வைத்தேன், எடிட்டிங்கில் எட்டை வெட்டினேன். ஃப்ரேமுக்குள் இருப்பவரின் பார்வை நகரும்போது மட்டும் ஃபோகஸை நகர்த்துங்கள். காரணமில்லாமல் நகர்ந்தால் பார்ப்பவருக்குக் கேமராதான் நினைவுக்கு வரும்.

7. ஆட்டோ ஃபோகஸை எங்கே நம்பலாம்

ஒற்றை ஆள் கேமராவை நோக்கி நடந்துவரும்போது, முகம் அறியும் ஆட்டோ ஃபோகஸ் மனிதக் கையைவிட நன்றாகவே வேலை செய்கிறது. எம்.சி. ரோடு ஜவுளிக் கூட்டத்தில் அதை நம்பினால் கெட்டீர்கள். குறுக்கே போகிற ஒவ்வொரு முகத்துக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வரும். ஃபோகஸ் மாறும் வேகத்தை மெனுவில் குறைத்தால் ஓரளவு அடங்கும். செல்பேசியில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டப்படும். ஒவ்வொரு டேக்குக்கும் புதிதாகப் பூட்டுங்கள்.

8. காசிமேட்டுக்குப் போகிறீர்களென்றால்

வடசென்னை என்றதும் எல்லோரும் காசிமேட்டுக்குத்தான் போகிறோம். போங்கள், ஆனால் நேரம் தெரிந்து போங்கள். சென்னையில் சூரியன் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் காலை 5.40 வாக்கிலும், ஜனவரி கடைசியில் 6.35 வாக்கிலும் உதிக்கிறது. கடலிலிருந்து நேராக எழுவதால் கடலைப் பார்த்து நிற்பவரின் முகத்தில் பொன் வெளிச்சம் விழும். அது வெகு சீக்கிரம் போய்விடும். ஏழரைக்குமேல் க்ளோசப் எடுக்க வேண்டாம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். எல்லோருக்கும் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழிகள்தான் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், ஏலம் களையிழந்திருக்கும். மார்ச்சில் பாதி, மேயில் பாதி என்று எடுத்தால் பின்னணி ஒட்டாது.

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ கேமராவை நேராகக் கடற்காற்றில் எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்கப் படியும். அரை மணி நேரம் பையை மூடியபடியே வெளியே வைத்திருந்து பிறகு திறவுங்கள். உப்புச்சாரல் படும் இடத்தில் சாதாரணக் கண்ணாடி ஃபில்டர் ஒன்றை லென்ஸுக்கு முன் மாட்டிவிடுங்கள்.

கூட்டத்துக்குள் டேப் பிடிக்க முடியாது. அங்கே 24 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஃபோகஸ் 2.4 மீட்டர். இந்த மூன்றையும் வைத்துவிட்டால் 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். வளையத்தைத் தொடவே வேண்டாம். முகங்களை எடுக்கும் முன் கேளுங்கள், ட்ரைபாடை நடைபாதையில் ஊன்றாதீர்கள். ஐஸ் பெட்டி வரும் வழியில் நான் ஊன்றிவைத்திருந்தேன். மீன் விற்கும் அக்கா ஒருவர், “தம்பி, படம் எடுக்க வந்தாயா, வழி மறிக்க வந்தாயா?” என்று கேட்டார். அரை மணி நேரம் கழித்து அவரே கூடைகளை ஒதுக்கிவைத்து இடம் கொடுத்தார்.

9. கூட்டத்தைக் கலைப்பதற்கு முன் பாருங்கள்

ஒவ்வொரு காட்சி முடிந்ததும், விளக்கை அணைப்பதற்கு முன், தேர்ந்தெடுத்த டேக்கை மடிக்கணினியிலோ வீட்டுத் தொலைக்காட்சியிலோ போட்டுக் கண்களை மட்டும் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்ததால் நான் மூன்று வாரம் காத்திருந்தேன். அதற்குள் பெரியப்பா முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை, க்ளோசப் என்பதால் நெற்றியை வெட்டி ஃப்ரேம் வைத்துச் சமாளித்தேன். நடிப்பவர்களிடம் படம் முடிந்து ஒரு மாதம் வரை முடியிலும் மீசையிலும் கை வைக்க வேண்டாம் என்று ஒப்புதல் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கார்டிலிருந்து இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகல் எடுத்தபிறகே கேமராவைக் கொண்டுபோங்கள். கடைக்கு எத்தனை மணிக்குள் போகவேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தாமதமானதற்கு ஒரு முழு நாள் வாடகையை என்னிடம் கேட்டார்கள், பேசிப் பேசிப் பாதியாக்கினேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து வடபழனிக்கு மாலை நெரிசலில் போகிறீர்களென்றால் இரண்டு மணி நேரம் கணக்கில் வையுங்கள், மெட்ரோவில் போனால் அதில் பாதி. கருவிகளை அவர்கள் சோதித்து முடிக்கும்வரை நின்று, காசோலையைக் கையில் வாங்கியபிறகு கிளம்புங்கள்.